இரண்டு வீட்டு அரிசி

என் நோய் நாக்கில் தொடங்கியது. ஒரு நாள் ரசத்தை வாயில் வைத்ததும் தீப்பட்டதுபோல் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நாக்கு சொரசொரப்பே இல்லாமல், தோல் உரித்ததுபோல் செக்கச்செவேலென்று இருந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

கோதுமை ஒவ்வாத இந்த நோய் தனக்கோ தன் பிள்ளைக்கோ இருப்பதாக இப்போதுதான் தெரிந்துகொண்டு, பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பயப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நானும் பயந்தேன், தவறான ஒன்றைப் பார்த்துப் பயந்தேன்.

மலாயாவில், மலாக்காவை அடுத்த செலண்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவித்திருந்த வருஷங்கள். லயங்களை (தொழிலாளர் வீட்டு வரிசைகளை) சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற ஒவ்வொருவரையும் விடியற்காலையில் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. ஆண்களைப் போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு நான் போனேன்.

முதல் கர்ப்பம் கலைந்தபின் பால் வாளி தூக்க எனக்குத் தெம்பில்லை. என் கணவர் முனியாண்டி புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் வேலை செய்தார். அவர்தான் தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் கேட்டு இந்த வேலையை வாங்கித் தந்தார். கேட்டில் நிற்பவர்களுக்கு தினமும் காலையில் தேநீரும், மலாக்காவிலிருந்து வரும் ரொட்டியும் உண்டு. கனமாக வெட்டி, வெண்ணெய் தடவியது. தோட்டத்தில் அது பெரிய சலுகை. நான் மூன்று துண்டு சாப்பிடுவேன்.

ஒரு நாள் வரிசையில் பாக்கியம் வந்தாள். எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் இல்லை, நான்கு பிள்ளைகள். அவள் இடுப்பில் என் கை பட்டதுமே தெரிந்துவிட்டது. வாழையிலையில் சுற்றிச் சேலைக்குள் செருகிய சோறு.

"விட்டுரு சரசு. பசிக்குதுலா, அதான்" என்றாள், உதடு அசையாமல்.

எனக்குப் பின்னால் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் சோற்றை வெளியே எடுத்தேன்.

அது யாருக்கான சோறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளை லாரியில் ஏற்றிப் போனார்கள். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தவள், கேட்டில் என் முன்னால் நின்றாள்.

"ஒம்பது நாளு எம்புள்ளைங்க ஊரான் வூட்டு வாசல்ல நின்னு தின்னுச்சுங்க. உன் வயித்துல ஒண்ணும் தங்காது, பாத்துக்க."

அந்த மாதமே வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வெளிறிய நிறம், தாங்க முடியாத நாற்றம், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு (சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுவதன் அறிகுறி). நாள் தவறி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவும் தங்கவில்லை.

எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவள் சோற்றைப் பிடுங்கியதால் எனக்குச் சோறு செல்லாது என்று முடிவுகட்டி, சோற்றைக் குறைத்தேன். ரொட்டியைக் கூட்டினேன்.

தோட்டத்து டிரஸ்ஸர் (சிறு ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட மருந்தாளர்) கொக்கிப்புழு என்று இரண்டு முறை பேதிக்குக் கொடுத்தார். எலும்பும் தோலும் ஆனேன். முடி கொத்தாக வந்தது. ஒரு நாள் காலையில் சோதித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரே நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள். அதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். மெலிந்த உருவம், பேசும்போது நம் கண்ணைப் பார்ப்பார். என் கண் இமையை இழுத்துப் பார்த்து, நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கிவிட்டுக் கேட்டார்:

"காலமை என்ன சாப்பிடுறனீர்? பாண் சாப்பிடுறனீரோ?"

பாண் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் சாப்பிடும் ஏதோ ஒன்று என்று நினைத்தேன். கேட்க வெட்கம்.

"இல்லீங்க ஐயா" என்றேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். ஸ்ப்ரூ (வெப்ப நாடுகளில் வரும் ஒருவகை நாள்பட்ட வயிற்றுப்போக்கு) என்று வைத்தியம் நடந்தது. ஈரல் சத்து ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ஊசிக்கு இரத்தம் கொஞ்சம் ஏறும், போக்கு நிற்காது. வயிறு சரியில்லாதவர்களுக்கு எல்லா இடத்திலும் கொடுப்பதுபோல் எனக்கும் ரொட்டியும் பார்லித் தண்ணியும்தான் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்துப் படுக்கைகளில் இரண்டு பேரை வெள்ளைத் துணி மூடி எடுத்துப் போனதைப் பார்த்தேன். அடுத்தது நான் என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை.

ஒரு நாள் காலை டாக்டர் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். கட்டில் அருகே அப்படியே நின்றார்.

"இதென்ன?"

"ரொட்டிங்க ஐயா."

"பிள்ளை, இதைத்தானே நான் பாண் எண்டு கேட்டனான்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் ஏதோ திருடிவிட்டதுபோல் ரொட்டியைக் கீழே வைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிழை என்னிலைதான். எத்தினை நாளாய்ச் சாப்பிடுறனீர்?"

கேட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்றேன். அதற்கு முன்பும் பங்கீட்டு மாவில் சுட்ட ரொட்டி உண்டு என்றேன். அவர் வெளிநாட்டு மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் சில பிள்ளைகளைப் பற்றி வாசித்திருந்தாராம். கோதுமையை நிறுத்தியதும் அந்தப் பிள்ளைகள் தேறினார்களாம்.

"பெரியாக்களுக்கும் அப்படி வருமோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல மாட்டன். ஆனா நிப்பாட்டிப் பாப்பம். சோறு, மீன், முட்டை, வாழைப்பழம். கோதம்பை மா ஒரு துளியும் வேண்டாம். பார்லியும் வேண்டாம்."

"சோறு தங்காதுங்க ஐயா. எனக்கு ஒருத்தவங்க சாபம் வுட்டிருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. "சாபத்தைப் பற்றி நான் படிக்கேல்லை. பத்து நாள் சாப்பிட்டுப் பாரும்" என்றார்.

ஆறாம் நாள் போக்கு குறைந்தது. பத்தாம் நாள் நின்றது. அப்புறம் அவர் கேட்டது கொடுமையாக இருந்தது. சந்தேகம் தீர வேண்டுமானால் இரண்டு நாள் மறுபடி ரொட்டி சாப்பிட வேண்டும் என்றார். தின்றேன். இரண்டாம் நாள் மத்தியானம் வயிறு உப்பி, பழைய நாற்றம் திரும்பி வந்தது. கோதுமை கூடாது என்று அவர் என் சீட்டில் ஒரே வரி எழுதி அடிக்கோடிட்டார்.

அந்த நோய்க்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளுட்டன் என்ற புரதத்தால் சிறுகுடலின் உள்சுவர் சிதைந்து, சாப்பிட்டது உடம்பில் சேராமல் போய்விடும். குடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து அதை உறுதிசெய்தது பல வருஷம் கழித்துத்தான். அன்று என்னிடம் இருந்தது டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம் மட்டும்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் அடுத்த சிக்கல். பங்கீட்டில் அரிசி குறைவு, அதை ஈடுகட்டக் கோதுமை மாவு கொடுத்தார்கள். மாவை எடுத்துவிட்டால் எனக்குப் பாதி வயிறுதான். முனியாண்டி தன் அரிசியை எனக்கு விட்டுவிட்டு மாவைத் தின்றார். புகைக்கூடத்தில் அவருக்குத் தலைசுற்ற ஆரம்பித்தது. லயத்தில் வீடு வீடாகப் போய், மாவை வாங்கிக்கொண்டு அரிசி தருவீர்களா என்று கேட்டார். பங்கீட்டுப் பொருளைக் கைமாற்றுவது குற்றம். அதைவிட, கேட்டில் நிற்கிறவளுக்கு யார் கொடுப்பார்கள்?

ஒரு சாயங்காலம் அவர் ஒரு சிறிய மூட்டையோடு வந்தார்.

"யாரு குடுத்தா?"

"பாக்கியம்."

நான் மூட்டையைத் தொடவில்லை.

"ரொட்டின்னா அது புள்ளைங்களுக்கு உசுராம். சோத்த விட மாவுதான் நாலு பேருக்கு நீண்டு வருதாம். ஒனக்காக இல்லன்னு சொல்லச் சொல்லுச்சு" என்றார்.

ஒவ்வொரு வாரமும் மாவு போனது, அரிசி வந்தது. நானும் பாக்கியமும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தினமும் காலையில் அவள் வரிசையில் வந்து கையைத் தூக்கி நிற்பாள், நான் சோதிப்பேன், அவள் போவாள். என் கைகளில் சதை பிடிப்பதை அவள் பார்த்திருப்பாள்.

நான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலியை மூடிவிட்டு வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை, அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஒரு போலீஸ்காரர். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு உரியதைவிட இருமடங்கு அரிசி இருந்தது. மாவு ஒரு கரண்டிகூட இல்லை.

எங்களை லயத்து முற்றத்தில் நிறுத்தினார்கள். கேட்டில் சோதிக்கிறவளே அரிசி சேர்க்கிறாள் என்றால் அதற்கு அந்த நாளில் ஒரே அர்த்தம்தான். உள்ளே தள்ளுவார்கள், அப்புறம் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. டாக்டர் கடிதத்தைக் கொடுத்தேன். துரை முழுதும் வாசித்தார்.

"நீ ரொட்டி சாப்பிடக் கூடாதுன்னு இதுல இருக்கு. அரிசி எங்கேருந்து வந்துச்சுன்னு இல்லையே. யாரு குடுத்தது?" என்றார் போலீஸ்காரர்.

ஒரு பெயர் சொன்னால் போதும். ஏற்கெனவே ஒரு முறை பிடிபட்டவள் பெயர். சொன்னால் இந்தத் தடவை ஒன்பது நாளோடு முடியாது. முனியாண்டி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திரும்பக் கேட்டார்கள். லாரியின் பின்கதவை இறக்கிவிட்டார்கள்.

அப்போது கடைசி வீட்டிலிருந்து பாக்கியம் வந்தாள். இடுப்பில் ஒரு மாவுத் தகரம், பின்னால் நான்கு பிள்ளைகள்.

"எங்கிட்டேருந்து வந்த அரிசிங்க. அவ மாவு பூரா இதுல இருக்கு. ரெண்டையும் நிறுத்துப் பாருங்க, எல்லாம் இருக்கும். வெளிய ஒரு மணி அரிசிகூட போவல."

நிறுத்தார்கள். கிராணி பங்கீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. மாவிலும் அரிசியிலும், நாங்கள் தின்றதற்கு மேல் ஒன்றும் குறையவில்லை. துரை கடிதத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டு, கிராணியிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். கடைசியில் லாரி காலியாகப் போனது. எனக்கு கேட் வேலை போயிற்று. இனி என் பங்கு முழுவதும் அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்று கிராணி அட்டையில் எழுதினார்.

அன்று மத்தியானம் பாக்கியம் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எதுக்குக்கா வந்து சொன்னே? உன்னையும் கொண்டு போயிருப்பாங்களே."

அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "நீ சொல்லியிருந்தா என்னைய மட்டும் கொண்டு போயிருப்பாங்க. ஏன் சொல்லல?"

அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு, "போய்ச் சாப்புடு" என்றாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. சில வருஷத்தில் அவள் பிள்ளைகளோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கோதுமையை விட்டதும் எல்லாம் திரும்பிவிடாது. இரத்தம் ஊற ஒரு வருஷம் ஆயிற்று. எலும்பு ஏமாற்றிவிட்டது. முப்பத்தைந்து வயதில் ஒரு குடம் தண்ணீர் தூக்கியதற்கு மணிக்கட்டு முறிந்தது (சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு மெலிந்திருந்தது). ஒரு மகள் பிறந்தாள், ஒருத்திதான். ரொட்டியை மட்டும் விட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள், சோயா சாஸிலும் கோதுமை உண்டு. இது தெரியாமல் பல வருஷம் ரசம் குடித்து மாதத்தில் நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். கல்யாண வீட்டில் சமையற்காரரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தெரியாத வார்த்தைக்குத் தலையாட்டினால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன்.

நோயில் இருந்த இரண்டு வருஷமும் எனக்குப் பசி என்பதே கிடையாது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடிக்கும் மணியும், கேட் திறப்பதும், ஊரடங்குச் சங்கும்தான் எனக்கு நேரம் சொல்லின. உடம்பு என்பது பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டிய சாமான். கேட் வேலை போய்ச் சில வாரம் இருக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அடிவயிற்றில் ஏதோ சுண்டி இழுத்தது. மறுபடி போக்கு வரப்போகிறது என்று பயந்து எழுந்து நின்றேன். வரவில்லை. அது பசி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இப்போது மலாக்கா டவுனில் மகள் வீட்டில் இருக்கிறேன். நான் கடிகாரம் பார்ப்பதில்லை. பதினோரு மணிக்குப் பசிக்கும். கையில் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.