காது மெஷின் விற்கப் போன இடங்களில்

காது கேட்காதவர்களிடம் பேசிப் பேசியே விற்க வேண்டிய பொருள் காது மெஷின். பாலிசியோ, தண்ணீர் ஃபில்டரோ, எதையாவது பையில் போட்டுக்கொண்டு திருச்சி வெயிலில் படி ஏறி இறங்குகிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

சிரித்த முகம்

வேலையில் சேர்ந்ததும் ட்ரெயினிங் கொடுத்தார்கள். சிரித்த முகம், தணிந்த குரல், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு ஒன்றுக்குப் போனேன். ரிட்டையரான பேங்க் அதிகாரி. நான் சிரிக்கச் சிரிக்க அவர் முகம் சுருங்கியது. சரியாகச் சிரிக்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் சிரித்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மனைவி வாசல்வரை வந்தார். கோபமில்லை, களைத்துப் போயிருந்தார். "நீங்க பேசினது ஒண்ணும் அவர் காதுல விழலை, சிரிச்சது மட்டும்தான் தெரிஞ்சது. யார் சிரிச்சாலும் தன்னைத்தான் கேலி பண்றான்னு நினைச்சுண்டு, இப்பல்லாம் பெருமாளைச் சேவிக்கக்கூட வெளில வரமாட்டேங்கறார்."

டப்பாவுக்குள் போன மெஷின்

கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா, பெயர் லூர்து மேரி. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் நல்ல மெஷினாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். மாட்டிவிட்டதும் ஃபேன் சத்தம் கேட்கிறது, காக்கா கத்துவது கேட்கிறது என்று அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, மகனும் மருமகளும் சிரித்தார்கள். அன்று எனக்கும் சாப்பாடு ருசித்தது.

அடுத்த வாரம் போனபோது மெஷின் டப்பாவுக்குள் இருந்தது. மகன் டியூட்டிக்குப் போயிருந்தார். மருமகள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். காதருகே குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டேன். "நல்லாத்தான் கேக்குது. பக்கத்து ரூம்ல அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதுகூட கேக்குது" என்றார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மெஷின் சரியில்லன்னு நீயே சொல்லிடும்மா. எனக்குக் கேட்டுடுச்சுன்னு தெரிஞ்சா அவங்களுக்குச் சங்கடமாப் போயிடும்."

மறுபடியும் ட்ரெயினிங்

அந்த அம்மா கேட்டபடியே மகனிடம் சொன்னேன். அவர் நேரே எங்கள் தில்லைநகர் ஆபீசுக்கு வந்து, பழுதான மெஷினைத் தலையில் கட்டிவிட்டோம் என்று சத்தம் போட்டார். சோதித்துப் பார்த்தார்கள், மெஷினில் ஒரு குறையும் இல்லை. நல்ல மெஷினை நான் ஏன் குறை சொன்னேன் என்று மேனேஜர் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் நான் சொன்னால் அவர் உடனே மகனுக்குப் போன் போடுவார். மெஷினை டப்பாவில் வைத்து மூடினேன். கைலாசபுரம் ஏரியாவை என்னிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். மேனேஜர் நல்ல மனுஷர், திட்டவில்லை. "உங்களுக்குக் கஸ்டமர் மனசு புரியல மேடம், மறுபடியும் ஒரு ட்ரெயினிங் போயிட்டு வாங்க."

வாய்ஸ் மெசேஜ்

மண்ணச்சநல்லூரில் ஒரு பெரியவர், ரைஸ் மில் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர். மெஷின் வாங்கச் சொல்லி மனைவி கேட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தாராம். அந்த அம்மா இறந்து காரியமெல்லாம் முடிந்தபிறகு, திருவானைக்காவலில் இருக்கும் மகள் எனக்குப் போன் செய்தார். தன் போனில் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது, அதை அப்பா ஒரு தடவை கேட்க வேண்டும் என்றார்.

மாட்டிவிட்டேன். மகள் மெசேஜைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தார். "மாவு அரைச்சு வச்சிருக்கேன், மாப்பிள்ளைகிட்ட குடுத்து விடவா? அப்பா இப்பத்தான் சாப்பிட்டுப் படுத்தாரு." தணிந்த, இதமான குரல். பெரியவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். இவரிடம் மட்டும் அந்த அம்மா தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அம்மாதாம்ப்பா, அம்மா குரல்தான்" என்று மகள் அழுதார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இது வேற யாரோம்மா. உங்கம்மா கத்தித்தான் பேசுவா."

காது கேட்காதவர்களைத் தேடிப் போகிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன், எனக்கு வாய்த்ததெல்லாம் கேட்டதைத் தாங்க முடியாதவர்கள், அவர்களை வைத்து மாத டார்கெட்டை முடிப்பது கொஞ்சம் கஷ்டம்.