பிளாஸ்டிக் இல்லாத வீடு

ஐந்தாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வீட்டில் சில நாட்கள் என்னுடைய ஆட்சி நடந்தது. அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் குடிமக்கள். மூவரில் ஒருவர்கூட எனக்கு ஓட்டுப் போட்டதில்லை. அந்த ஆட்சி எப்படிக் கவிழ்ந்தது என்பதை இப்போது சொன்னால் அம்மா சிரிப்பாள், நான்தான் இன்னும் கொஞ்சம் நெளிவேன்.

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. பத்து வீடுகள் ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் லயத்தில் ஏழாவது வீடு. அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறிப்பவள். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு அறிவியல் சார் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். சுற்றுச்சூழலைக் காக்க வீட்டில் என்ன செய்தோம் என்று எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் காட்ட வேண்டும். "மாற்றம் வீட்டுலருந்துதான் ஆரம்பிக்கணும். பெரியவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பத்து வயதுப் பெண் பிள்ளையிடம், அதுவும் என்னைப்போல ஏற்கெனவே வாய் நீண்ட ஒன்றிடம், சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை அது.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். அப்பா பல் தேய்க்கும்போது பின்னால் போய் நின்று குழாயை மூடினேன். வாய் நிறைய நுரையோடு அவர் திரும்பிப் பார்த்தார். திட்ட வேண்டுமானால் துப்ப வேண்டும், துப்பி முடிப்பதற்குள் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். தம்பி மிட்டாய்த் தாளைச் சாக்கடையில் போட்டான் என்று, அவனை அந்தச் சாக்கடையிலேயே இறங்கித் தேட வைத்தேன். அவனுக்கு ஏழு வயது. அழுதுகொண்டே தேடி, வேறு யாரோ போட்ட தாள் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தான். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அம்மாவிடம்தான் பெரிய குற்றம் கிடைத்தது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் விறகு காயாது. ஈர விறகு பற்றிக்கொள்ள அம்மா அதனடியில் பிளாஸ்டிக் கவர் ஒன்றைச் சுருட்டி வைத்துத் தீக்குச்சி கிழிப்பாள். லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். "விசப் பொகைம்மா! நம்ம எல்லாருக்கும் சீக்கு வந்துரும்" என்று நான் கத்தினேன். அம்மா கவரை எடுத்து ஓரமாக வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து தேயிலைச் சுள்ளியை முந்தின நாளே அடுப்பு மேட்டில் காயப்போட்டு, ஊதி ஊதிப் பற்ற வைத்தாள். அதற்காகக் கால்மணி நேரம் முன்னதாக எழுந்தாள் என்பது என் கணக்கில் வரவில்லை. பெரியவர்களைத் திருத்துவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஞ்சாயத்திலிருந்து பச்சைக் கோட்டுப் போட்ட அக்காமார் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கிப்போகத் தொடங்கியிருந்த சமயம் அது. அந்தச் சனிக்கிழமை எங்கள் லயத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சித்திக்குக் குழந்தை பிறந்திருந்ததால் அம்மா லீவு போட்டுவிட்டு முந்தின நாளே போடிக்குப் போயிருந்தாள். அப்பா ஃபேக்டரியில். வீடு முழுக்க என் கையில். நான் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தேடுதல் வேட்டையில் இறங்கினேன்.

பால் கவர், எண்ணெய்க் கவர், உடைந்த குடம், தம்பியின் சக்கரமில்லாத பஸ், அப்பா பனியனைச் சுருட்டி வைக்கும் பை, எதையும் விடவில்லை. கடைசியில் கதவுக்குப் பின்னால் ஆணியில் அம்மாவின் இடுப்புத் தாள் தொங்கியது கண்ணில் பட்டது.

தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். மழைக்காலத்தில் ஒவ்வொரு இலையும் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கும். அந்தச் செடிகளுக்குள் நாள் முழுக்க நுழைந்து நுழைந்து பறிப்பவர்கள், மார்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அது கடையில் தொங்கும் மெல்லிய தாள் இல்லை. பெரிய உர மூட்டைகளுக்குள் இருந்து வருவது, தோட்டத்து ஸ்டோரில் சொல்லிவைத்தால் வருடத்துக்கு ஒன்று கிடைக்கும். அம்மாவினுடையதில் இரண்டு மூலைகளிலும் பழைய சேலைக் கரையைக் கிழித்து நாடாவாகத் தைத்திருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன? தோட்டத்தில் பிறந்தவள்தானே. ஆனால் அன்று நான் தோட்டத்துப் பிள்ளை இல்லை, சாரின் மாணவி. பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக்தான். இழுத்துச் சாக்கில் திணித்தேன்.

வாங்க வந்த மலையாளத்து அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மோளே, இது அம்மா தரச் சொல்லிச்சா?" என்று கேட்டார். "எங்க வீட்ல இனிமே பிளாஸ்டிக்கே கெடையாது" என்று நான் பதில் சொன்னேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும். அவர் அவசரத்தில் இருந்தார், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு சாயந்தரம் அம்மா வந்தாள். தகரத்தில் மழைச் சத்தம் கேட்டதும் மறுநாள் வேலை ஞாபகம் வந்திருக்க வேண்டும், கதவுக்குப் பின்னால் பார்த்தாள்.

"தாளு எங்கிட்டு போச்சு?"

நான் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். "எல்லாப் பிளாஸ்டிக்கையும் குடுத்துட்டேம்மா."

"இடுப்புல கட்டுறதையுமா?"

"அதுவும் பிளாஸ்டிக்தான? மண்ணுல மக்காதும்மா."

அம்மா அந்த வெறும் ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, "சரி. அப்பாட்ட சொல்லிக்கிடாத" என்று மட்டும் சொன்னாள். இத்தனை காலம் பிளாஸ்டிக் வைத்திருந்ததை அப்பாவிடம் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவள் அரிசிச் சாக்கொன்றைப் பிரித்து இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்பா பார்த்துவிட்டார். "தாளு என்னாச்சு?" "கிழிஞ்சு போச்சு, தூரப் போட்டுட்டேன்." "ஒரு பொருள ஒழுங்கா வச்சுக்கத் தெரியுதா ஒனக்கு?" என்று அவர் சத்தம் போட்டார். அம்மா முடிச்சை இறுக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். குடையைத் தொலைத்ததற்கு அப்பா என் முதுகில் ஐந்து விரலையும் பதித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் எனக்கு வந்தது கோபம்தான். நான் கொடுத்ததைத் தான் போட்டதாகச் சொல்கிறாளே, என் பெருமையை அம்மா தட்டிக்கொண்டு போகிறாளே என்ற கோபம். குழாயடியில் எதிர்வீட்டு அத்தை கேட்டபோது, "எலி கடிச்சிருச்சு மதினி" என்றாள். கால்மணி நேரத்தில் இரண்டாவது பொய். அம்மாவைப் பற்றி எனக்குக் கவலையாகிவிட்டது.

பள்ளியில் என் நோட்டை சார் உரக்கப் படித்தார். "இவங்க வீடுதான் நம்ம வகுப்புல மொதல் பிளாஸ்டிக் இல்லாத வீடு" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். தட்டி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அத்தை மகன் எழுந்து, "சார், எங்க வீட்லயும் எல்லாத்தையும் குடுத்தாச்சு" என்றான். அவனைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர். முதல் பரிசு நான்காகப் பிரிந்தது. நால்வருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளப் பச்சை அட்டையில் இலை வெட்டிக் கொடுத்தார். அதைக் குத்திக்கொண்டு நான் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை நடந்தேன்.

அம்மா வந்தபோது சாக்கிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சணல் சாக்கு நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவிழ்த்து வாசலில் பிழிந்தாள். கீழே சேலை, பாவாடை எல்லாம் பிழியும் பதத்தில் இருந்தன. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஈரத் துணி உரசித் தோலுரிந்திருந்த தொடையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். என் சட்டையில் இருந்த இலையைப் பார்த்து, "நல்லாருக்கே, யாரு குடுத்தா?" என்று கேட்டாள். நான் கதையை விரிவாகச் சொன்னேன். அவள் இருமலுக்கு நடுவில் "ம்" போட்டுக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் மழை. சாக்கு காயவில்லை. அந்த ஈரச் சாக்கையே எடுத்து அம்மா மறுபடி இடுப்பில் சுற்றினாள். தம்பி சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, அம்மாவுக்கு ஏன் பல்லு ஆடுது?" என்று கேட்டான். நான் பார்த்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள், தாடை நடுங்கியது. டவுனுக்குப் போய் வேறு ஏதாவது வாங்க வேண்டுமென்றால்கூட ஞாயிற்றுக்கிழமைதான் முடியும். இன்னும் ஐந்து நாள். நான் செய்தது தப்பு என்று அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அதுவரை அவ்வளவு பேசிய வாய்.

பிளாஸ்டிக்கைச் சேர்த்துவைத்துப் பிரிக்கும் கொட்டகை பள்ளிக்குக் கீழே ரோட்டோரத்தில் இருந்தது. மத்தியானச் சோற்று மணி அடித்ததும், சட்டையிலிருந்த இலையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஓடினேன். கொட்டகை வாசலில் அன்றைக்குச் சாக்கு வாங்கிய அதே அக்கா உட்கார்ந்து பால் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நீயும் அம்மேட ஷீட்டு தேடித்தானே வந்தே? உள்ள போ. மூணு பேரு முன்னமே வந்தாச்சு."

உள்ளே போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் குவியலுக்குள் முழங்கால் வரை புதைந்து நின்றான் எதிர்வீட்டு அத்தை மகன். அவனுக்குப் பக்கத்தில் மற்ற இரண்டு பேர். முதல் பரிசு வாங்கிய நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தேடினோம். மூக்கைத் துளைக்கும் புளித்த பால் நாற்றம். ஊரில் இத்தனை கவர்களா என்று அந்த அவசரத்திலும் தோன்றியது. சார் சொன்னது பொய்யில்லைதான். கடைசியில் அந்த அக்காவே எழுந்து வந்து மூலையில் இருந்த கட்டொன்றைப் பிரித்தார். தடித்த தாள்களைத் தனியே மடித்து வைத்திருந்தார். சேலைக் கரை தைத்த மூலையைப் பார்த்ததும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். "இது குப்பையல்ல மக்களே. கேட்டுட்டுத் தரணும்" என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

மணி அடித்துவிட்டது. பள்ளிக்குத் திரும்ப யாருக்கும் மனமில்லை. தாள்களைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் மலையேறினோம். மத்தியானக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் தாள், நான்கு பேர் இடுப்பில் மட்டும் சாக்கு. நாங்கள் நால்வரும் போய் முன்னால் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு அத்தை தன் மகன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் மதினி, எலி கடிச்சிருச்சுன்னு சொன்னீக?"

"நீ மட்டும் என்ன, ஆத்தோட போயிருச்சுன்னுல்ல சொன்ன?" என்றாள் அம்மா.

அத்தைக்கு அடுத்து நின்றவள், தன்னுடையது அடுப்பில் பட்டுப் பொசுங்கியதாகச் சொல்லியிருந்தாளாம். நான்காவது ஆள், நாத்தனார் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டதாக. அவளுக்கு நாத்தனாரே கிடையாது என்று யாரோ எடுத்துக்கொடுக்க, அங்கே எழுந்த சிரிப்பு இருக்கிறதே! அம்மா கொழுந்துக் கட்டின் மேல் சாய்ந்துகொண்டு இருமி இருமிச் சிரித்தாள். எதிர்வீட்டு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சூப்பர்வைசர் வந்து அதட்டியும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே அம்மா ஈரச் சாக்கை அவிழ்த்தெறிந்து தாளைக் கட்டிக்கொண்டாள். "பால் கவரு, எண்ணெக் கவரெல்லாம் இனிமே நானே கழுவிக் காயப்போட்டுத் தாரேன். அத மட்டும் குடு. இப்ப பள்ளிக்கொடத்துக்கு ஓடு" என்று என் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள். சொன்னபடியே அடுத்த சனிக்கிழமை கழுவிக் காய்ந்த கவர்கள் ஒரு பை நிறைய இருந்தன. இன்றைக்கும் எங்கள் லயத்தில் பல வீட்டுக் கொடிகளில் துணிகளோடு பால் கவரும் காய்கிறது.

நான்கு பேர், ஒன்றரை நாள், ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்துகொண்டு பறித்திருக்கிறார்கள். பிள்ளை விவரமில்லாமல் செய்துவிட்டது என்று ஒருத்திகூட மற்றவளிடம் வாய் திறக்கவில்லை. பள்ளியில் கைதட்டு வாங்கிய பிள்ளையை லயம் கேலி பேசிவிடக் கூடாது என்று ஆளுக்கொரு எலியையும் ஆற்றையும் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஒருத்தியின் பொய்யை இன்னொருத்தி கையும் களவுமாகப் பிடித்த சிரிப்பு என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இவ்வளவு பாடுபட்டுத் தாளைத் தேடிக்கொண்டு வந்தால் இந்தப் பெண்கள் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள் என்பதுதான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். திரும்பிப் பார்க்காமல் மலையிறங்கினேன். அன்று முழுக்க அவளோடு பேசுவதில்லை என்று வழியிலேயே முடிவும் செய்துகொண்டேன்.