முதல் அலசல் தண்ணீர்

பீடத்துணிகள் என் பொறுப்புக்கு வந்த முதல் நாளே மிஸ்ஸியம்மா ஒரு விதியைச் சொல்லிவிட்டார். எங்கள் மிஷனை நடத்திய வெள்ளைக்கார அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நற்கருணைத் துணியை முதலில் அலசும் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அப்பத் துணுக்கோ திராட்சரசமோ துணியில் ஒட்டியிருக்கும். அது கண்ட இடத்துக்குப் போகக் கூடாது என்பது காரணம். சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் சிற்றாலயம். சுற்றிலும் சிமெண்டு. மண் என்று இருந்தது வேலியோரச் செம்பருத்தியின் அடியில் மட்டும். பல வருடம் அங்கேதான் ஊற்றினேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அறுபதுகளில் மழை பொய்த்துத் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர். சந்தில் தினமும் வாளிச் சண்டை. எதிர்க் கடைவீட்டில் காமாட்சியம்மா இருந்தார். எங்கள் சாமியைக் கும்பிடாதவர். ஆனாலும் அவர் வீட்டு ஹாலில்தான் வாரா வாரம் நான் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினேன். வேதாகம ஊழியக்காரிக்கு அப்படி ஒரு வீடு திறந்திருப்பது பெரிய விஷயம். ஈஸ்டருக்கு முந்திய அந்த லெந்து நாட்களில் அவர் மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

ஒரு காலை, காலி வாளியோடு வேலியோரம் வந்த காமாட்சியம்மா நான் செம்பருத்திக்கு ஊற்றுவதைப் பார்த்துவிட்டார்.

"குடிக்கத் தண்ணி இல்லாம சந்தே அலையுது. நீங்க செடிக்கு ஊத்துறீங்களா?"

விளக்கினேன். விளக்க விளக்க விஷயம் மோசமானது. பிள்ளைத் துணி துவைக்க வழியில்லாமல் நிற்பவரிடம் அப்பம், திராட்சரசம் என்று பேசினால் என்ன எடுபடும்? நல்லா இருக்கு உங்க சாமி என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வகுப்புக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. மற்ற பெண்களும் வரவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வருத்தம் பிறகுதான்.

மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். அவர் பாளையங்கோட்டையில் தமிழ் படித்தவர்; கோபப்பட்டாலும் மேடைத் தமிழில்தான் கோபப்படுவார். விதியைக் கைவிடச் சொல்வாரோ என்று பயந்தேன். அவர் சொன்னது வேறு.

"துணியைத் துவைக்காதீர்கள். மழை வரும்வரை கறையோடு இருக்கட்டும். அதற்குச் செலவாகும் தண்ணீரை அவர்களுக்குக் கொண்டுபோங்கள்."

ஈஸ்டருக்குக் கறைத் துணியா என்று சபைக் கமிட்டி ஐயா ஒருவர் குதித்தார். மிஸ்ஸியம்மா தன் முடிவை மாற்றவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை குழாயில் பிடித்த நல்ல தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு போனேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. காமாட்சியம்மா பாதிக் கதவைத் திறந்தார்.

"செடிக்குப் போக மிச்சமா?"

"இல்லக்கா. இப்பப் புடிச்ச தண்ணி."

"கொண்டு போங்க. எங்களுக்கு வேணாம்."

திரும்பி நடக்க மனம் வரவில்லை. வாசலை ஒட்டி, கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதை என்கிற நடைபாதையில், தண்ணீருக்காகக் காத்து, பிள்ளைத் துணிகள் ஒரு பேசினில் கிடந்தன. ஈ மொய்த்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கொண்டுபோன தண்ணீரிலேயே துவைக்க ஆரம்பித்தேன். வெள்ளைச் சேலை ஊழியக்காரி பீத்துணி துவைப்பதைச் சந்தே வேடிக்கை பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அழுத்தித் தேயுங்க. கறை போகல," என்று கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

தேய்த்தேன். காமாட்சியம்மா உள்ளே போனார். மருமகளின் துணி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதையும் பாத்துக்குங்க லா."

மூட்டையை அவிழ்த்துத் துவைத்தேன். மறுநாள் பாதிரியார் கறைத் துணியின் மேல்தான் அப்பத்தை வைத்தார். அடுத்த வாரம் தையல் வகுப்புக்குக் கதவு திறந்திருந்தது.

ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாம் கொண்டுபோவதை வேண்டாம் என்று சொல்ல மற்றவர்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் மனம் நொந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அந்த வாசலில் என்ன வேலை கிடக்கிறது என்று பாருங்கள்.