சரோஜா அக்கா தூக்கிய சிவப்புத் துணி

சரோஜா அக்கா இல்லை... இன்று விடியற்காலையில் போய்விட்டார். வேலைக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் மகள் மஞ்சு போன் செய்தாள்.

அழுதேன். ஆனால் அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே ஒரு நிம்மதியும் வந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் நான் வேலை செய்யும் கார்மென்ட்ஸ் யூனிட்டில் அப்போது அக்காதான் லைன் சூப்பர்வைசர். நான் செக்கிங். மெஷின் மக்கர் செய்தால் சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்ட வேண்டும். மெக்கானிக் வருவார், லைனில் எல்லா மெஷினும் நிற்கும். அந்த இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

அக்கா கத்தினால் மட்டும் கேட்கும். கேன்டீனில் இருக்கும் மெக்கானிக் செல்வம் அண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார்.

அப்புறம்தான் தொண்டையில் கட்டி... சேலத்தில் ஆபரேஷன். கட்டி போனது, கூடவே குரலும் போனது.

பேசப் பேச வந்துவிடும் என்றுதான் டாக்டர் சொன்னார். அக்கா முயற்சியே செய்யவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று வரும், அதற்கே பயந்து மூடிக்கொள்வார். இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி. எதற்கெடுத்தாலும் அதைத்தான் தூக்கிக் காட்டினார்.

ஒருநாள் சாப்பிடும்போது என் காதோரம் வந்து கிசுகிசுத்தார்.

"எங்க வூடு வெள்ளாமைக் காட்டுக்குள்ள இருக்குது கண்ணு. மஞ்சு வூடு கூப்புடு தூரந்தானேன்னு தைரியமா தனியா இருந்தேன். இப்பக் கூப்புட்டா அவளுக்குக் கேக்குமா?"

"போன் இருக்குதுல்லங்க்கா?"

"வுளுந்து கெடக்கறப்ப போனை எங்கடி தேடறது?"

தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

யூனிட்டில் வருஷா வருஷம் எங்களுக்கு ஒகேனக்கல் டூர்தான். அந்தத் தடவை எங்கே போகலாம் என்று கேட்டதும் அக்கா துணியைத் தூக்கினார். "ரெஸ்லிங்" என்று உதட்டை அசைத்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். சீரியல் பக்கமே போகாத மனுஷி, டிவியில் அந்த ஒன்றைத்தான் பார்ப்பார்.

சிரித்த செல்வம் அண்ணனே பெங்களூரில் ஒரு மேட்ச்சைத் தேடிப் பிடித்து டிக்கெட் போட்டார். வேன், பாட்டு, தூக்குப்போசியில் புளிசாதம்... எங்களில் ஒருத்தர்கூட அதுவரை ரெஸ்லிங்கை நேரில் பார்த்ததில்லை. புளிசாதத்தை அரங்கத்து வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

நேரில் பார்த்தால்தான் தெரிகிறது. ஆள் விழும்போது மேடைப் பலகை அதிர்வது நம் நாற்காலி வரைக்கும் வருகிறது.

பச்சை டவுசர் போட்ட ஒருத்தன், எதிரில் ஒரு மொட்டைத் தடியன். தடியன் தூக்கிப் போட்டதில் பச்சை டவுசர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். ரெஃப்ரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்தார். இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை உருவி உயரத் தூக்கினார். லைனை நிறுத்தச் சொல்கிறாராம்!

அதைவிடக் கூத்து, பழக்க தோஷத்தில் செல்வம் அண்ணனும் எழுந்து நின்றுவிட்டார். கையில் ஸ்பேனர் ஒன்றுதான் இல்லை.

மொட்டைத் தடியன் அதைப் பார்த்துவிட்டான். நேராக இறங்கி வந்து, துணியைப் பிடுங்கி, வேர்வையைத் துடைத்து, மூக்கையும் சிந்தித் தூக்கி எறிந்தான். அரங்கமே சிரித்தது... எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அக்கா வெறும் கையோடு நின்றார்.

தடியன் ஒரு இரும்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினான். பச்சை டவுசர் அப்போதுதான் தட்டுத்தடுமாறி எழுகிறான், முதுகைக் காட்டிக்கொண்டு.

"டேய் பச்சை! பின்னாடி பாருடா!"

பழைய குரல் இல்லை. கரகரவென்று தகரத்தை இழுத்த மாதிரி இருந்தது. ஆனால் சத்தம்... அக்காவின் சத்தம்.

பச்சை டவுசர் சட்டென்று திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நாங்கள் மேட்ச்சைப் பார்க்கவே இல்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசு என்றார்.

திரும்பும்போது வேனில் அக்கா வாய் ஓயவில்லை. டிரைவரைக்கூட விடவில்லை, பிரேக் சரியில்லை என்று திட்டினார்.

"அதெல்லாம் ஆக்டிங்குங்க்கா" என்றார் செல்வம் அண்ணன்.

"இருக்கட்டும்டா. கூப்புட்டதுக்குத் திரும்பிப் பாத்தான்ல?"

மறுநாளிலிருந்து சிவப்புத் துணியை இடுப்பில் சொருகவில்லை. ரிடையர் ஆகும் வரை எங்களை வறுத்தெடுத்தார். அதற்குப் பிறகும் அந்தக் காட்டு வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

இன்று போனில் மஞ்சு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வாசல் தெளிச்சிட்டு இருந்தேங்க்கா. 'மஞ்சூ...'ன்னு அம்மா சத்தம். காட்டைத் தாண்டி வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடுனேன். நெஞ்சு வலிக்குதுன்னாங்க. மடியில சாச்சுக்கிட்டேன். ரெண்டு வாய் தண்ணி குடிச்சாங்க... என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அவ்ளோதாங்க்கா."

போனை வைத்தேன். டேபிள் மேல் இருந்த சிவப்புத் துணியைத் தூக்கினேன்.

லைன் நின்றது. செல்வம் அண்ணன் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கூப்புட்டாங்களா?"

கூப்பிட்டார் என்றேன். தலையில் கை வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா..." என்றார்.

மத்தியானம் எல்லோரும் யூனிட் வேனில் போகிறோம்.

மஞ்சுவுக்குக் கேட்டுச்சுங்க்கா. நிம்மதியாப் போங்க.