புஷ்பவள்ளி கொடுத்த தண்ணீர்

சிப்காட் ரசாயன ஆலைகளை ஒட்டிய ஊர்க்காரி புஷ்பவள்ளி. மூளைக் கட்டிக்குக் கணவனைப் பறிகொடுத்தவள். அந்த நோய் எதனால் வருகிறது என்று ஆராயும் இசைவாணி, சிதம்பரத்திலிருந்து வந்து புஷ்பவள்ளியின் மகள் ஸ்ரீமதியின் ரத்தத்தை எடுத்துக்கொண்டாள். ஸ்ரீமதியின் அப்பா குடித்துவந்த தண்ணீரையும் கேட்டாள். வீடு தேடி வந்தவளுக்கு வாடையடிக்கும் போர் தண்ணீரைக் கொடுக்க மனசு வராமல், புஷ்பவள்ளி கடையில் வாங்கிய கேன் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

இசைவாணி வந்த ஜீப் போன பிறகுதான் பக்கத்து வீட்டு ராசம்மாளுக்கு விஷயம் தெரிந்தது.

"கூறுகெட்டவளே, அவுங்க விருந்துக்கா வந்தாங்க? தண்ணி சுத்தம்னு வந்தா, ஒங்க ரத்தத்துலதான் கோளாறுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் ஒம் பொண்ண எவன் கட்டுவான்?"

புஷ்பவள்ளி அப்படியே கிளம்பினாள். நடராசரை வேண்டிக்கொண்டே பஸ் ஏறினாள். சிதம்பரத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, இசைவாணி அந்த பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அது கேன் தண்ணிம்மா. போர் தண்ணிய குடுக்க வெக்கமா இருந்துச்சு."

இசைவாணி பாட்டிலை ஓரமாக வைத்தாள். "நாளைக்கு நானே வந்து புடிச்சுக்கிறேங்க்கா. ஆனா ரத்தத்தையும் பாப்போம். அதுல எதுனா இருந்தா?"

புஷ்பவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லும்மா. பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."