எல்லாருக்கும் ஒரே மணி

இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்திலிருந்து தாயைக் கூப்பிட்டால், பிள்ளை தப்புச் செய்துவிட்டது என்று அர்த்தமில்லை. என் மகள் மல்லிகா இங்கே இரண்டாம் வகுப்புப் படித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. தலைமையாசிரியை தொலைபேசியில் "கொஞ்சம் வர முடியுமா?" என்றதும், ஆஸ்பத்திரியில் நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடினேன்.

"புதன்கிழமைகளில் மல்லிகா சாப்பிடுவதே இல்லை" என்றார். புதன்கிழமை அங்கே மாட்டிறைச்சி; எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. "ஸாரி மேடம், வீட்டில் கண்டிக்கிறேன்" என்றேன். அவர் பதறிப்போனார். "கண்டிக்காதீர்கள்! எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்பது எங்கள் விதி. ஆனால் ஒரே விதி சில குழந்தைகளை மட்டும் வாட்டினால் அதை மாற்றத்தான் வேண்டும் என்கிறது சட்டம். எதை மாற்றலாம் என்று கேட்கவே கூப்பிட்டேன்." ஆங்கிலம் புரிந்தது. ஒரு பள்ளிக்கூடம் என்னிடம் யோசனை கேட்கிறது என்பது புரியத்தான் சற்று நேரமானது.

ஜவ்வாது மலையில் நான் படித்த பள்ளியிலும் ஒரே விதிதான். மணி அடித்தபின் வருகிறவர்கள் வெளியே நிற்க வேண்டும். மழைக்காலத்தில் வெளியே நின்றதெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளான நாங்கள்தான். என்னோடு வந்த இரண்டு பெண்கள் பள்ளியை விட்டே நின்றுவிட்டார்கள். என்னையும் சாமைக் கொல்லையில் களையெடுக்க அனுப்பிவிடலாம் என்று அப்பா சொன்ன மறுநாள், அம்மா என்னோடு பள்ளிக்கு வந்தாள்.

"இன்னா சார், எல்லாருக்கும் ஒரே மணின்றீங்க. உங்க வூடு இங்கயே கீது. எங்க புள்ளைங்க ஓடைய தாண்டி வர்ணும். ஒரு நாளு வந்து பாருங்க சார்."

போளூரிலிருந்து வந்து பள்ளிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்த சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அன்று சாயங்காலம் எங்களோடு நடந்தார். ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு என் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கரை ஏறியதும் வேட்டி நுனியைப் பிழிந்தார். "இதுலயா தினமும் வர்றீங்க?" என்றார். மறுநாளிலிருந்து மழைக்காலம் முழுக்க, எங்கள் தலைகள் மேட்டில் தெரிந்த பிறகுதான் மணி அடித்தது. நான் தொடர்ந்து படித்தேன். வேலூரில் நர்ஸ் படிப்பு, பிறகு விமானம்.

எல்லாரும் சமம் என்கிற சட்டம் நம் நாட்டிலும் அப்போதே இருந்தது. மலைக்கு அதைக் கூட்டிக்கொண்டு வர ஒரு அம்மா குரல் கொடுக்க வேண்டியிருந்தது, ஒரு வாத்தியார் நனைய வேண்டியிருந்தது. இங்கே அதே வேலையைத் தலைமையாசிரியையின் ஒரு தொலைபேசி அழைப்பு முடித்துவிட்டது. எது உயர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வாத்தியாரையும் இந்தத் தலைமையாசிரியையையும் எனக்குப் பிடிக்கும்.

அடுத்த புதன்கிழமை தலைமையாசிரியை என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப்போனார். மல்லிகா மாட்டிறைச்சிக்குப் பதிலாக வைத்த சீஸ் போட்ட உருளைக்கிழங்கை ஆவலாகத் தின்றுகொண்டிருந்தாள். "இனி இவளுக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும், இல்லையா?" என்று கேட்டார் அவர்.

"இதுதானே என் ஊர்?" என்றாள் மல்லிகா ஆங்கிலத்தில், வாய் நிறைய.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நம் ஊர் வழக்கப்படி இரண்டு பக்கமும் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.