கூப்பிட்டால் திரும்பாத குழந்தை

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூரில் நடந்தது இது. நான் அப்போது உளவியல் முதுகலை மாணவி. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றிய படிப்புக்காக வாராவாரம் ஒரு வீட்டுக்குப் போவேன். அங்கே ஆறு வயதுச் சிறுமி. பேச மாட்டாள். காது நன்றாகக் கேட்கும், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பாடத்தையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுப் போன என்னை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

அன்று மத்தியானம் நான் போனபோது சந்தே அமளிப்பட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறாள், குழந்தையைக் காணோம். ஒரு பக்கம் பஸ் ஓடும் சாலை, மறுபக்கம் குளம். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு திசையில் அவள் பெயரைக் கூவிக்கொண்டு ஓடினார்கள். எவ்வளவு கூவினாலும் அவள் திரும்பப் போவதில்லையே.

"கூப்பிடாம தேடலாம், வாங்கக்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாசல் வாசலாக எட்டிப் பார்த்தபடி நடந்தேன். கூச்சல் மெல்லப் பின்தங்கியது. சந்துக் கோடியில் ஒரு மாவு மில். அப்போதுதான் கரண்ட் போய் மெஷின் நின்றிருந்தது. மில்காரரும் தேடத்தான் போயிருந்தார். உள்ளே சுவர், மூட்டை எல்லாமே வெள்ளை. கூரை இடுக்கு வழியாக விழுந்த வெயிலில் மாவுத்தூள் மிதந்துகொண்டிருந்தது. அதன் கீழே அவள், தலையெல்லாம் மாவோடு, கண்ணுக்கு நேரே விரல்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூக்கப் பாய்ந்த அம்மாவை, "கொஞ்சம் இருங்க" என்று நிறுத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அந்த விரலாட்டத்துக்கு வகுப்பில் 'பொருளற்ற அசைவு' என்று பெயர். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். விரல் அசைய அசைய, வெளிச்சத்தில் தூள் சுழன்று மேலே போனது, பிரிந்தது, மறுபடி மெதுவாக இறங்கியது. எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

"இன்னாம்மா பாத்துகினு கீது அது?" அம்மாவுக்கு அழுகை இன்னும் அடங்கவில்லை.

"நீங்களும் உக்காந்து பாருங்கக்கா."

உட்கார்ந்தாள். குனிந்து, மகளின் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தாள். "அயகா கீதும்மா" என்றாள் பிறகு. "பைத்தியமாட்டம் கைய ஆட்டுதேன்னு நான் தெனம் அடிச்சிகினு இருந்தேன்."

குழந்தை எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் தோள் பட்டபோது விலகிப் போகவும் இல்லை.

அதன் பிறகு எத்தனையோ குழந்தைகளைப் பார்த்துவிட்டேன். "இதுக்கு ஒண்ணுமே புரியாதா?" என்று பெற்றவர்கள் கேட்கும்போதெல்லாம், பதில் சொல்வதற்கு முன் அந்தக் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது.